மலையேறும் ஜோடிகளே, தலைவலியை மறைக்காதீர்கள்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் ட்ரெக்கிங் போகும் இளம் தம்பதிகள் சிலர், கிளம்பும் முன் என்னிடம் ஆலோசனைக்கு வருவார்கள். உயரத்தால் வரும் நோய்க்கு என்ன மாத்திரை வாங்குவது என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் முதலில் கேட்பது வேறு: "உங்கள் இருவரில் வலியை வெளியே சொல்லாத ஆள் யார்?"

இப்படிக் கேட்க வைத்தது ஒரு தம்பதிதான். சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிமாலிங் முகாமுக்கு வந்த மாலையே மனைவிக்குத் தலைவலி. சாப்பாடும் இறங்கவில்லை. லீவு சேர்த்து வைத்து வந்த பயணம் கெட்டுவிடுமே என்று, "களைப்புதான்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். காலையில் ஷூ கயிற்றை முடிச்சுப் போடத் தெரியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்பி நடக்க வைத்தால் கால் பின்னியது. உடம்பு பழகாத உயரத்தால் மூளையில் வீக்கம் தொடங்கியதன் அடையாளம் அது.

அங்கே கணவர் செய்தது சரியான காரியம். முன்னே போனால் சீக்கிரம் ஊர் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த வழி 5,200 மீட்டர் உயரமுள்ள கோங்மாரு லா கணவாயில் ஏறித்தான் இறங்குகிறது. அவர் வந்த வழியே திரும்பி, ஒரு குதிரைக்காரரின் உதவியோடு மனைவியைக் கீழே உள்ள ஹங்கர் கிராமத்துப் பக்கம் இறக்கினார். மனைவி பிழைத்தார்.

டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் நம்மை 3,500 மீட்டர் உயரத்தில், லடாக்கின் லே நகரில், இறக்கிவிடுகிறது. உடம்புக்கு அந்த வேகம் தெரியாது. அங்கே குறைந்தது இரண்டு முழு நாள் சும்மா இருங்கள். அப்புறம் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழக அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், மருத்துவரைக் கேட்டுத்தான். ஆனால் ஓய்வுக்கு அது மாற்று இல்லை.

குழுவாகப் போனால் யாராவது கவனிப்பார்கள். இரண்டே பேர் என்றால் உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள். "நல்லா இருக்கியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி என்று தினமும் மாலையில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொட, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியக் காத்திருக்காதீர்கள். பையைப் போட்டுவிட்டாவது இருவரும் சேர்ந்தே இறங்குங்கள்.