மைதானத்துக்கும் மொபைலுக்கும் நடுவே இருபது நொடி

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊரில் மின்னொளி கபடிப் போட்டி. இரவு பதினொன்றரை மணி இருக்கும். கடைசி ரைடு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். எனக்குப் பக்கத்தில் நின்றவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியோடு போனில் பேசிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் அதே ஆட்டத்தை யூடியூப் நேரலையில் பார்க்கிறார். பாடிப் போன பையனை நடுக்கோட்டுக்கு ஓரடி முன்னால் மடக்கிவிட்டார்கள். மைதானமே எழுந்து கத்தியது. போனுக்குள்ளிருந்து ஓர் அலறல்: "அண்ணே, சொல்லாதீங்க! இங்க இப்பத்தான் அவன் பாடியே வர்றான்!"

இருபது நொடி இருக்கும் அந்த வித்தியாசம். அண்ணனின் குரல் அரை நொடிக்குள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே ஊரிலிருந்து, அதே கடலுக்கடிக் கம்பிகள் வழியாகத்தான் படமும் போகிறது. அதற்கு மட்டும் ஏன் இருபது நொடி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நம் ஊர் விளையாட்டும் ஊர்ச் செய்தியும் இப்போது எப்படி நடக்கின்றன என்பதில் பாதி விளங்கிவிடும்.

கேமராவிலிருந்து தொடங்குவோம். 1280க்கு 720 என்ற அளவில் ஒரு படத்தில் 9,21,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட், அதாவது 24 பூஜ்யங்களோ ஒன்றுகளோ. நொடிக்கு 30 படங்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 66 கோடி பிட் வருகிறது, அதாவது 660 மெகாபிட். மைதானத்தில் நிற்கும் மொபைலில் மேல்நோக்கி நாலைந்து மெகாபிட் ஏறினாலே பெரிது. ஆக, படத்தை ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் அது ஊரைத் தாண்டும்.

அந்த வேலையைச் செய்வது என்கோடர். 2003ல் வந்த எச்.264 என்ற முறைதான் இன்றும் நேரலைகளில் பெரும்பாலும் ஓடுகிறது. அதன் யோசனை எளிமையானது: மாறாததைத் திரும்பத் திரும்ப அனுப்பாதே. முதலில் ஒரு முழுப் படம் போகும். அதன் பிறகு, படத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பும், மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசமும் மட்டும் போகும். கபடிக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. 13க்கு 10 மீட்டர் ஆடுகளம் அப்படியே இருக்கும், நகர்வது பதினான்கு பேரும் நடுவர்களும்தான்.

ஆனால் ஒரு அணி ஜெயித்ததும் ரசிகர்கள் கலர் காகிதத்தை வாரி இறைத்தார்கள் பாருங்கள், அப்போது திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. காகிதம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பறக்கிறது. முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. இருக்கிற நாலு மெகாபிட்டுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்து, என்கோடர் விவரங்களைக் கைவிடுகிறது. அன்று நேரலை போட்ட தம்பிக்கு வயது இருபத்திரண்டு இருந்தால் அதிகம். கேமராவை வைக்கும்போதே ஃபோகஸ் லைட் எதுவும் படச் சட்டத்துக்குள் வராமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மழை பெஞ்ச ஊருண்ணே, லைட்டச் சுத்திப் பூச்சி மொய்க்கும். அது படத்துல வந்தா ஆட்டம் மங்கிடும்" என்றார். அறிவியல் சரியாகத்தான் இருக்கிறது. ஆயிரம் பூச்சிகள் என்றால் ஆயிரம் புதிய அசைவுகள். ஆட்டக்காரருக்குப் போக வேண்டிய பிட்டுகளை அவை தின்றுவிடும். எந்த வகுப்பிலும் உட்காராமல் மைதானத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் இது.

சரி, சுருக்கியாயிற்று. அந்தப் படத்தை யூடியூபின் கணினி வாங்கி, சில நொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் 144, 240, 360, 480, 720 என்று பல தரங்களில் மறுபடி செய்து வைக்கிறது. உங்கள் மொபைல் முந்தைய துண்டு எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவெடுக்கிறது. பேருந்தில் போகும்போது படம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். அதோடு, இறங்கிய துண்டை உடனே காட்டிவிடாது. இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் தெருவில் மாடித் தொட்டி வைத்துக்கொள்வது மாதிரி. குழாயில் நின்றாலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்காது. வெட்ட, மறுபடி செய்ய, சேர்த்து வைக்க என்று ஆகும் நேரமெல்லாம் கூடித்தான் அந்த இருபது நொடி. போன் பேச்சில் இந்தத் தொட்டி மிகச் சிறியது. குரலை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் துணுக்காக நறுக்கி உடனே அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒரு துணுக்கு தொலைந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பேச்சுக்கு அது போதும், படத்துக்குப் போதாது.

சிங்கப்பூரில் ஐந்நூறு பேர் பார்த்தால் ஐந்நூறு தடவை படம் கடல் தாண்டுவதில்லை. அங்கேயே பக்கத்தில் இருக்கும் சேமிப்புக் கணினியில் ஒரு பிரதி இறங்கி, அங்கிருந்து எல்லாருக்கும் போகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் நேரலை போடும் தம்பிக்கு ஆகும் செலவு ஒன்றுதான். ஒரு காலத்தில் உள்ளூர் ஆட்டத்தைக் காட்ட கேபிள்காரர் மனது வைக்க வேண்டும். அவர் காட்டினாலும் அவருடைய கம்பி போகும் தெருவோடு சரி. இன்று தம்பிக்கு இருக்கும் ஒரே தலைவலி கூட்டம்தான். மைதானத்தில் நிற்கும் எல்லாரும் ஸ்டேட்டஸ் போடும்போது ஒரே கோபுரத்தில் நெரிசல் ஆகிறது. போதாக்குறைக்கு, 4ஜியில் இறக்கத்தின் வேகம்தான் அதிகம், ஏற்றத்தின் வேகம் குறைவு. அதனால் பக்கத்து வீட்டில் கேட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டம்மா கையால் டீயும் வந்துவிடுகிறது.

படம் போய்ச் சேரும் வழி இதுதான். ஆனால் யாரிடம் போய்ச் சேர்வது என்று தீர்மானிப்பது வேறொரு இயந்திரம். எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான்.

2012ல் யூடியூப் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முன்னால் வைத்தது. 2016ல் கூகுள் பொறியாளர்கள் மூவர் எழுதிய கட்டுரை, அதன் பரிந்துரை முறையை விளக்கியது. இரண்டு சல்லடைகள். முதலாவது, லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து உங்களுக்குப் பிடிக்கலாம் என்று சில நூறைப் பொறுக்கும். இரண்டாவது, அந்தச் சில நூறையும் நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கணித்து வரிசைப்படுத்தும். பொறுக்குவது எப்படி? ஒவ்வொரு பார்வையாளரையும் ஒவ்வொரு காணொளியையும் எண்களின் வரிசையாக மாற்றி, ஒரு பெரிய வெளியில் புள்ளிகளாக வைக்கிறார்கள். ஒரே மாதிரி பார்ப்பவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள்.

இந்த வெளியில் 'பக்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. வடுவூரில் கபடி பார்க்கும் பையனும் ஹரியானாவில் கபடி பார்க்கும் பையனும் அடுத்தடுத்த வீடு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர் வெவ்வேறு கண்டத்தில். நம் ஊர்ப் பையனின் ஒரு ரைடு எங்கோ இருக்கும் லட்சம் பேரிடம் போவதும் இதனால்தான். பக்கத்துத் தெருவில் நடந்தது நமக்குத் தெரியாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

கபடிக்கு இன்னொரு வாய்ப்பும் அமைந்தது. ஒரு ரைடு 30 நொடி. 2020 ஜூனில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் முதன்முதலாக இந்தியாவில்தான் சோதனைக்கு வந்தது. 30 நொடிக்குள் தொடங்கி, உச்சம் தொட்டு, முடிந்தும் விடும் ஆட்டம் வேறு எத்தனை இருக்கிறது? ஆனால் ஷார்ட்ஸ் செங்குத்தாக நிற்கும் சட்டம். அகலவாக்கில் எடுத்த 16க்கு 9 சட்டத்திலிருந்து 9க்கு 16 சட்டத்தை வெட்டினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 32 விழுக்காடுதான். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் யாரை வைப்பார்கள்? பாடிப் போகிறவரைத்தான். தாவிக் குதிப்பவர், பின்னங்காலால் உதைப்பவர் எல்லாரும் வந்துவிடுவார்கள். லெஃப்ட் கார்னரில் குனிந்து, அசையாமல், கால்பிடிக்காகக் காத்திருக்கும் பையன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான். கபடியை ரசிக்கத் தெரிந்த எவரும் அவனைத்தான் பார்ப்பார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

செய்தியிலும் இதே கணக்குதான். 2021ல் வெளியே வந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் ஒரு விஷயத்தைக் காட்டின. 2017 முதல், ஒரு லைக்குக்கு 1 மதிப்பு என்றால் இதயம், சிரிப்பு, கோபம் போன்ற குறிகளுக்கு 5. கோபத்தைத் தூண்டும் பதிவுகளில் பொய்யும் வன்மமும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே சொன்ன பிறகு, 2020 செப்டம்பரில் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள். இடைப்பட்ட மூன்று வருடம் இதை ஊர் அளவில் நினைத்துப் பாருங்கள். 'நாளை காலை ஆறிலிருந்து எட்டு வரை குடிநீர் வரும்' என்ற செய்திக்கு யார் கோபக் குறி போடுவார்கள்? இரண்டு தெருவுக்கு நடுவே நடந்த தகராறுக்கு நூறு பேர் போடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் இப்படி வரிசைப்படுத்தும் இயந்திரம் இல்லை. அங்கே இயந்திரம் நாம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல் நாளிதழே வராத நாளும் உண்டு. அப்போது எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே சாப்பாடு, எங்கே படகு என்று சொன்னது மக்களின் கைபேசிகள்தான். அதே மழைக்காலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் அதே வேகத்தில் ஓடியது. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2018 மே மாதம் நடந்தது முதலைக் கதை போல லேசானது அல்ல. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

வதந்தி எப்படி வளர்கிறது என்பதற்குத் தொற்றுநோய்க் கணக்கே போதும். ஒருவர் 20 பேருக்கு அனுப்பி, அவர்களில் பத்தில் ஒருவர் மறுபடி அனுப்பினால், ஒருவர் இருவராகிறார். இரண்டு, நான்கு, எட்டு என்று பத்தாவது சுற்றில் ஆயிரம் பேர் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். 20 என்பதை 5 ஆக்கினால் ஒருவர் அரை ஆளாகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகி அணைந்துவிடும். குழுக்கள் இருப்பதால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 என்று வரம்பு வைத்ததன் அடிப்படை இதுதான். 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நிறுவனம் செய்தியைப் படிக்காமலே இது முடிகிறது. எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை செய்தியோடு சேர்ந்தே பயணிக்கிறது, அதைப் பார்ப்பது உங்கள் மொபைல்தான். பலமுறை கை மாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

2018ல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து எழுதினார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்க்கு ஆனதைப் போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய் புதிதாக இருக்கிறது, வியப்பைத் தருகிறது, அதனால் மனிதர்களே அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஊர்ச் செய்தியில் பெரும்பாலும் வியப்பு இருக்காது. ரேஷனில் பருப்பு வந்துவிட்டது, கூட்டுறவு வங்கியில் கடன் மனு வாங்குகிறார்கள், மேலத் தெருப் பெரியவர் காலமானார். நானூறு பேருக்குத் தேவையான செய்தி, நானூற்று ஒன்றாவது ஆளுக்குத் தேவையில்லை. லட்சத்தைத் தேடும் இயந்திரத்துக்கு அந்த நானூறு பேர் கண்ணில் படுவதில்லை. அந்த இடத்தைத் தெருவாசிகளின் சின்னக் குழுக்கள்தான் இன்று நிரப்புகின்றன.

அன்றைக்குப் போட்டி முடியும்போது அதிகாலை நாலு மணி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கூட்டம் கலைந்துவிட்டது, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நேரலைத் திரையில் பார்வையாளர் எண்ணிக்கை 11.

"ஏன் தம்பி, இன்னும் ஓட்டிட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அந்த எட்டாம் நம்பர் இருக்கான்லண்ணே, அவங்க அப்பா ஷார்ஜால. ஷிஃப்ட் முடிஞ்சு இப்பத்தான் ரூமுக்கு வந்திருக்காரு" என்றார் அவர். சொல்லிக்கொண்டே கேமராவை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். லெஃப்ட் கார்னரில், குனிந்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தான் எட்டாம் நம்பர்.