கன்வர்ஜ் ஆகவில்லையா? டாலரன்ஸைத் தொடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ரிப்போர்ட். உருளை வடிவக் கலனில் தானாகச் சூடேறும் ரசாயனத் தூள். அது எந்த வெப்பநிலையில் நிலைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பின்னிணைப்பில் ஒரு வரி: கன்வர்ஜ் ஆகாததால் டாலரன்ஸ் 100 மடங்கு தளர்த்தப்பட்டது. அதாவது, கணினியின் விடை ஒரு மதிப்பில் வந்து நிற்கவில்லை, அதனால் எவ்வளவு பிழை இருந்தால் ஏற்கலாம் என்ற வரம்பைப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தக் கலனின் பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை பார்ப்பார்கள்.

சூடு ஏற ஏற வினை அடுக்குக்குறி வேகத்தில் கூடும். அதனால் கையில் இருப்பது நேரியல் அல்லாத நீள்வட்டச் (elliptic) சமன்பாடு, அதாவது கலனுக்குள் ஒவ்வொரு இடத்திலும் நிலைத்த வெப்பநிலை என்ன என்று கேட்கும் வகை. வெப்பம் பிறக்கும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் ஒப்பிடுவது ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி எண். சுவர் வெப்பநிலை மாறாத நீண்ட உருளைக்கு அதன் எல்லை 2. அதற்குக் கீழே இரண்டு தீர்வுகள், 2இல் ஒன்று, தாண்டினால் ஒன்றுகூட இல்லை.

"பொருள் கண்முன்னே இருக்கிறது, சமன்பாடும் சரி, தீர்வு எப்படி இல்லாமல் போகும்?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! பொருள் இருக்கிறது, சரி. அது ஒரு வெப்பநிலையில் நிலைத்து நிற்கும் என்று யார் சொன்னது? தீர்வு இல்லை என்றால் சூடு ஏறிக்கொண்டே போய்த் தூள் பற்றிக்கொள்ளும் என்று அர்த்தம். சாஃப்ட்வேர் உங்களிடம் சொல்ல வந்ததே அதுதான். எண் 2.05 என்று வையுங்கள். 2இல் இருந்த கடைசித் தீர்வுக்குப் பக்கத்தில் சமன்பாட்டின் மிச்சம் (இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம்) நன்றாகக் குறையும், ஆனால் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. டாலரன்ஸைத் தளர்த்தினால் கணினி அங்கேயே நின்று, இல்லாத தீர்வை எடுத்துக் கொடுத்துவிடும்.

சின்னக் கலனில் ஒழுங்காக வந்ததே என்று வாதாட வேண்டாம். இந்த எண் ஆரத்தின் வர்க்கத்தோடு வளரும்: 0.6 இருந்த கலனின் ஆரத்தை இரட்டித்தால் 2.4.

தீர்வு இருந்தாலும் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருக்காது. உட்பக்கம் துருத்தி நிற்கும் 270 பாகை மூலையில் வெப்பப் பாய்வுக்கு வரம்பே கிடையாது. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகக் கலனைப் பிரிக்கும் கட்டங்களின் அளவை, பாதியாக்கும் போதெல்லாம் அங்கே வரும் மதிப்பு சுமார் 1.26 மடங்கு கூடும். அதை உச்ச மதிப்பு என்று அட்டவணையில் போடாதீர்கள்.

எண்ணைச் சிறியதிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மைய வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். வளைவு செங்குத்தாக எழும்பினால் எல்லை வந்துவிட்டது. இரண்டு தீர்வு உள்ள இடத்தில் கீழ்க்கிளையில், அதாவது வெப்பநிலை குறைந்த தீர்வில்தான் இருக்கிறீர்களா என்று பாருங்கள், நிலையானது அது மட்டும்தான். அதற்கு மேலும் கன்வர்ஜ் ஆகவில்லையா? அப்படியே எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து. அந்த வரிக்காக நான் யாருடைய ரிப்போர்ட்டையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.