அமெரிக்க அதிபர் பாராட்டினார் என்று ஓய்வூதியப் பணத்தை அனுப்பாதீர்கள்

ஒரே வருடத்தில் இது மூன்றாவது ஆள். போன மாதம் பாண்டி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், அவருடைய வருமான வரிக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அன்று காகிதம் எதுவும் கொண்டு வரவில்லை, போனை மட்டும் நீட்டினார். ட்ரம்ப் அர்ஜென்டினா அதிபர் மிலேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகழ்கிற வீடியோ, தமிழில் குரல் கொடுத்தது, அதற்குக் கீழே ஒரு டெலிகிராம் இணைப்பு. அந்த இணைப்பில் இருந்த ‘ஆலோசகர்’ பேச்சைக் கேட்டு, அர்ஜென்டினா அரசுப் பத்திரம் வாங்குவதாக நினைத்து 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை நான்கு தவணையாக அனுப்பியிருக்கிறார். ஆப்பில் அது 9 லட்சமாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 1 லட்சத்து 20 ஆயிரம் ‘வரி’ கட்டச் சொல்கிறார்களாம், கட்டலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

கட்டவே கூடாது என்றேன். இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. “அமெரிக்க அதிபரே அந்த நாட்டுப் பொருளாதாரத்தைப் பாராட்டுறாரு சார். அவருக்குத் தெரியாததா?”

இதே கேள்வியை மற்ற இரண்டு பேரும் கேட்டார்கள். ஒருவர் மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருப்பவர், இன்னொருவர் படித்துப் பட்டம் வாங்கிய ஆசிரியை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் பேசுகிறாரா என்பது அடுத்த விஷயம். அவர் யாருக்காகப் பேசுகிறார், அவர் சொன்னது பொய்த்தால் யாருடைய பணம் போகும், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு அரிசி மில்லுக்கு வங்கி 50 லட்சம் கடன் கொடுத்திருக்கிறது. மேலாளரிடம் போய் அந்த மில் எப்படி என்று கேட்டால், “நல்லா ஓடுது” என்றுதான் சொல்வார். மில் முழுகப் போகிறது என்று அவர் வாயால் சொன்னால், சரக்குக் கொடுத்தவன் எல்லாம் மறுநாளே வாசலில் வந்து நிற்பான், அவர் கொடுத்த கடனும் வராது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பி மில்லில் பங்கு போடுவீர்களா?

அர்ஜென்டினாவிலும் இதேதான் நடந்தது. 2025 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ட்ரம்ப் மிலேயைப் பாராட்டினார். அந்த மாதம் 7-ஆம் தேதி மிலேயின் கட்சி ப்யூனஸ் ஐரிஸ் மாகாணத் தேர்தலில் தோற்றிருந்தது, அந்த நாட்டு நாணயமான பெசோ சரிந்துகொண்டிருந்தது. பாராட்டி முடித்துப் பதினாறே நாளில், அக்டோபர் 9-ஆம் தேதி, அமெரிக்கக் கருவூலம் 2,000 கோடி டாலர் அளவுக்கு நாணயப் பரிமாற்ற உதவியை, அதாவது பெசோவை வாங்கிக்கொண்டு டாலர் தரும் ஏற்பாட்டை, அறிவித்தது, சந்தையில் இறங்கித் தானே பெசோவை வாங்கவும் செய்தது. அடுத்த வாரமே, வரப்போகிற நாடாளுமன்றத் தேர்தலில் மிலே தோற்றால் இவ்வளவு தாராளம் காட்ட மாட்டோம் என்று ட்ரம்ப் வெளிப்படையாகச் சொன்னார். இந்த வரிசையைப் பாருங்கள். நன்றாக ஓடுகிற வண்டியைத் தள்ளிவிட யாரும் இறங்குவதில்லை.

இது புதிதும் இல்லை. 2016 மார்ச்சில் ஒபாமா அதே அர்ஜென்டினாவுக்குப் போய், அப்போதைய அதிபர் மாக்ரியின் சீர்திருத்த வேகத்தைப் புகழ்ந்தார். அடுத்த வருடம் அந்த நாடு 275 கோடி டாலருக்கு நூறு வருடப் பத்திரம் விற்றது, உலகம் முழுக்க வாங்கினார்கள். நூறு வருடம்! 2020-இலேயே, சொன்னபடி கொடுக்க முடியாமல், அந்த நாட்டுக் கடனை மறுசீரமைக்க வேண்டி வந்தது.

அயர்லாந்து கதை இதைவிடத் தெளிவானது. 2006-இல் பிரிட்டன் எதிர்க்கட்சியில் நிதித்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன், அயர்லாந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். அது அயர்லாந்துக்காரர்களுக்கு எழுதிய சான்றிதழ் கிடையாது, தன் நாட்டு ஆளுங்கட்சியைக் குத்த எடுத்த கோல். 2010-இல் அயர்லாந்து வங்கிகள் கவிழ்ந்து 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம் வந்தபோது, பிரிட்டனில் நிதியமைச்சராக உட்கார்ந்திருந்தவர் இதே ஆஸ்போர்ன். பிரிட்டன் பங்குக்கு 300 கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுக்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்க வேண்டிய வேலையும் அவருக்கே வந்தது.

பாண்டியில் என்னிடம் வருகிற சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு, தனியாக ஒன்று சொல்ல வேண்டும், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்கிற எண்ணம் அங்கே ரொம்ப ஆழம். பிரான்சின் முன்னாள் நிதியமைச்சர் ஸ்த்ரோஸ்-கான் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) தலைவராக இருந்தபோது, 2008 நவம்பரில் துனிசியாவுக்குப் போய் அதை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரி என்றார். வேலை இல்லாத இளைஞர்கள் தெருவில் இறங்கி, 2011 ஜனவரி 14 அன்று அந்த நாட்டு அதிபர் விமானம் ஏறி ஓடினார். புள்ளிவிவரம் அப்போதும் அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தப் பெரியவர் இன்னொன்று சொன்னார், “பணவீக்கம் 211-லிருந்து 117-க்கு இறங்கிடுச்சு, விலை பாதியாயிடுச்சு சார்” என்று. இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது, அவர் மேல் இல்லை, இப்படிப் புரியும்படி வீடியோ போடுகிறவர்கள் மேல். பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. விலை ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2023-இல் அங்கே 211.4 சதவீதம். அதாவது 2022 கடைசியில் 100 பெசோவுக்கு வாங்கிய பொருள் ஒரு வருடத்தில் 311 பெசோ. 2024-இல் 117.8 சதவீதம். 311 அதற்கு மேல் ஏறி, இரண்டு வருட முடிவில் 678. பாதியாகவில்லை, ஏழு மடங்கை நெருங்கிவிட்டது. நாணயத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிலே பதவியேற்ற நேரத்தில் அதிகாரப்பூர்வமாக ஒரு டாலருக்கு 365 பெசோ. அந்த வாரமே 800 ஆக்கினார்கள். 2025 அக்டோபரில் 1,400-ஐத் தாண்டிவிட்டது. பெசோவில் நல்ல வட்டி வாங்கினாலும் ரூபாயாக மாற்றும்போது கையில் என்ன மிஞ்சும்?

நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அரசின் வரவு செலவைச் சரிக்கட்டியது உண்மை, விலைவாசியின் வேகம் அடங்கியதும் உண்மை. 2024 முதல் பாதியில் 52.9 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள், இரண்டாம் பாதியில் 38.1 ஆனது. அந்தக் கொள்கை கடைசியில் ஜெயிக்கவும் கூடும். அது அந்த நாட்டு மக்களின் விஷயம். லாஸ்பேட்டையில் ஒருவருடைய ஓய்வூதியப் பணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நாட்டைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் வெளியூர்த் தலைவரின் வாயைப் பார்க்காதீர்கள், உள்ளூர்க்காரன் தன் பணத்தை எங்கே வைக்கிறான் என்று பாருங்கள். அர்ஜென்டினாக்காரர்கள் 20,000 கோடி டாலருக்கு மேல் வங்கிக்குள் விடாமல் வைத்திருக்கிறார்கள், மெத்தைக்கு அடியில் இருக்கிற டாலர் என்றே அங்கே பேச்சு. 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க விடாமல் வங்கிக் கணக்குகளை முடக்கியதை அவர்கள் மறக்கவில்லை. அதற்கு முன்பு பத்து வருடம் அந்த நாட்டுக்கும் உலகத் தலைவர்களின் பாராட்டு குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பத்திரம் என்று சொல்லி யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் போடச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். முறையாக வெளிநாட்டுக்குப் பணம் போவது வங்கி வழியாக, பான் எண்ணும் படிவமும் கொடுத்துத்தான். முதலீட்டுக்கு என்றால் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வெளிநாட்டு நாணய வர்த்தக ஆப் என்று யாராவது காட்டினால், ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்றும் நினைத்துவிடாதீர்கள். உண்மையாகவே வெளிநாட்டுப் பத்திரம் வாங்கியிருந்தாலும் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும், இதை என்னிடம் மறைத்துவிட்டுப் பிறகு நோட்டீஸோடு வருகிறவர்களை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள், கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், உங்கள் வங்கியிலும் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் போகிற வழியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பெரியவர் பணம் அனுப்பி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். கடைசித் தவணை மட்டும் இன்னொரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது, அதை மீட்க மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். வங்கி ஸ்டேட்மெண்ட்டையும் அந்த உரையாடல்களையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள், இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.