எடை மெஷின் காட்டாத மாற்றம்

"தினமும் பீச் ரோட்டில் நடக்கிறேன், எடை மட்டும் இறங்கவே மாட்டேங்குது டாக்டர்." புதுச்சேரியில் என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைச் சொல்கிறார்கள். அப்புறம் மனம் சலித்து நடையையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

கொழுப்பு கரைவது வேறு, எரிவது வேறு. நடக்கத் தொடங்கியதும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கூடும். கொழுப்புச் செல்களில் டிரைகிளிசரைடு என்ற வடிவில் சேர்ந்திருக்கும் கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலமும் கிளிசராலுமாக ரத்தத்துக்கு வரும். இது பயிற்சி இல்லாதவர் உடம்பிலும் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. ஆனால் வந்த கொழுப்பு அமிலத்தைத் தசை எரிக்க வேண்டுமே! எரியாமல் மிஞ்சியதில் பெரும்பகுதி மறுபடி கொழுப்பாகவே சேர்ந்துவிடும்.

விடாமல் பயிற்சி செய்யும்போது மாறுவது முக்கியமாக இந்த எரிக்கும் திறன்தான். தசைச் செல்லுக்குள் கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணிய உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடும். ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் இந்த மைட்டோகாண்ட்ரியா மாற்றத்தை 1967-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி காட்டினார். சில வாரங்கள் போனால், அதே வேகத்தில் நடந்தாலும் முன்பைவிட அதிகக் கொழுப்பு எரியும். எடை மெஷினில் இது தெரியாது.

வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க நடப்பதால் பயனில்லை. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால், அதில் சுமார் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும், மீதி தண்ணீராகும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து தொப்பையை மட்டும் கரைக்கவும் முடியாது.

நடை முடிந்ததும் சர்க்கரை போட்ட டீ, இரண்டு வடை. சரி, பசிக்கத்தான் செய்யும். ஆனால் இன்சுலின் ஏறியதும் கொழுப்பு உடைவது அடங்கிவிடும், செலவான கலோரியும் திரும்பி வந்துவிடும்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எடை குறையாவிட்டாலும், பயிற்சி செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதனால் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை வேண்டும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வழியில் கை நடுங்கினால், திடீரென்று குப்பென்று வியர்த்தால், அங்கேயே உட்கார்ந்து சட்டைப்பையில் வைத்திருக்கும் குளுக்கோஸையோ சர்க்கரையையோ உடனே சாப்பிடுங்கள்.