அவலாஞ்சியில் பனிச்சரிவு வருமா?

"ஆங்கிலத்தில் அவலாஞ்ச் என்றால் பனிச்சரிவு. அப்படியானால் நீலகிரியில் உள்ள எங்கள் அவலாஞ்சியில் பனிச்சரிவு வருமா?" என்று குன்னூர் மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள். வராது. அதற்குச் சரிவுகளில் வெண்பனி அடுக்கடுக்காகச் சேர வேண்டும். நீலகிரியில் அப்படிச் சேர்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த பெரும் மண்சரிவால் வந்த பெயர் அது. அவலாஞ்சி அஞ்ச வேண்டியது மழைக்குத்தான்: 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியது.

ஆனால் இமயமலைப் பனிச்சரிவுக்கு வித்தாகும் ஒன்று, ஜனவரி விடியலில் ஊட்டிக்கு அருகிலுள்ள நம் தலைக்குந்தா புல்வெளியிலேயே கிடக்கிறது. உறைபனி.

வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் வெளுத்துக் கிடக்கும். வெப்பமானி இருப்பது தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே, பெட்டிக்குள். புல்லோ வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. இரவு முழுவதும் அது தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். மேகமற்ற, ஈரம் குறைந்த வானத்திலிருந்து கொஞ்சமே வரும். அதனால் புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போல வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டுத் தேயிலை தப்பித்து, பள்ளத்துத் தேயிலை கருகுவது இதனால்தான். நுனி பூஜ்யத்துக்குக் கீழே போனதும், நீராவி நீராகாமல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படிகிறது. சென்ற வாரம் ஒரு புல்லிதழை உருப்பெருக்கியில் பார்த்தேன். விளிம்பு நெடுக மெல்லிய இறகுகள், ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றன. மூச்சுக்காற்று பட்டதும் சாய்ந்து துளியாகிவிட்டன.

இங்கே வெயில் ஏறினால் அவை மறைந்துவிடும். இமயத்தில் தெளிந்த இரவில் வெண்பனியின் மேற்பரப்பிலும் இதே இறகுகள் முளைக்கின்றன. வெயிலோ காற்றோ அழிக்குமுன் புதுப்பனி பெய்தால், அவை நின்ற நிலையிலேயே புதைகின்றன. சீட்டுக்கட்டு வீட்டின் மேல் பாறையை வைத்ததுபோல. 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில் ஒருவர் கால் வைத்தாலே அந்த அடுக்கு நொறுங்கும். விரிசல் நொடிகளில் சரிவெங்கும் ஓட, மேலடுக்கு பாளமாக வழுக்கிவிடும்.

எல்லாப் பனிச்சரிவுக்கும் இதுவே காரணமல்ல. ஆனால் பனிச்சரிவு நமக்கு அந்நியமும் அல்ல. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் புதையுண்ட 10 வீரர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். அதன் பயிற்சி மையம் குன்னூருக்கு அருகிலுள்ள நம் வெலிங்டனில் இருக்கிறது. பனியை ஆராயச் செலவிடும் பணத்தை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீலகிரியின் ஒவ்வொரு பள்ளியிலும் புல் உயரத்தில் ஒரு வெப்பமானி வைக்க வேண்டும். பெரிய செலவில்லை, தேயிலை விவசாயிக்கும் அது உதவும்.

தங்கையே, உறைபனி விழுந்த காலையில் ஒரு மரத்தடியைப் பார். கிளைகள் கவிந்த வட்டத்துக்குள் புல் பச்சையாகவே இருக்கும். புல் அனுப்பிய வெப்பத்துக்கு ஈடாக, இலைகள் இரவெல்லாம் தங்கள் வெப்பத்தைக் கீழே அனுப்பியிருக்கின்றன.