நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர்: பக்கவாதம் போல வரும் மைக்ரேன்

கார்ல் லாஷ்லி அமெரிக்க உளவியலாளர். மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர், மைக்ரேன் தொல்லையும் உள்ளவர். அவருக்குப் பார்வையின் நடுவுக்கு அருகே சின்னதாக ஒரு குருட்டுப் புள்ளி தோன்றும். அதன் விளிம்பில் கோட்டை மதில் போல மடிந்து மடிந்து ஒளிக்கோடுகள் மின்னும். புள்ளி மெல்லப் பெரிதாகி, பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். இது வரும்போதெல்லாம் சிறிது நேரத்துக்கு ஒரு முறை அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துவைத்தார். பார்வையில் அது கடக்கும் தூரம் மூளையின் பின்புறத்தில், பார்வையைக் கவனிக்கும் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார். அங்கே ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் எழுதினார்.

1944இல் பிரேசில்காரரான அரிஸ்டிடெஸ் லியாவோ, ஹார்வர்டில் வலிப்பு பற்றிய ஆய்வுக்காக முயல்களின் மூளையைத் தூண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டிய இடத்தில் மின்துடிப்பு அடங்கியது. அந்த அடக்கம் அங்கேயே நிற்காமல் சுற்றிலும் பரவியது. வேகம்? அதே நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுதானோ என்று பீட்டர் மில்னர் 1958இல்தான் எழுத்தில் கேட்டார். மனித மூளையில் அதை எம்ஆர்ஐயில் தெளிவாகப் படம்பிடிக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டனில் நடந்த அந்த ஆய்வில் பங்கெடுத்த ஒருவருக்கு 80 நிமிடம் கூடைப்பந்து ஆடினால் மைக்ரேனின் பார்வை அறிகுறி வந்துவிடும். ஆடிவிட்டு வந்து எம்ஆர்ஐக்குள் படுத்தார். அலை நகர்வது படத்தில் தெரிந்தது.

அந்த அலை என்ன? நரம்பு செல்கள் பொட்டாசியத்தை உள்ளேயும் சோடியத்தைப் பெரும்பாலும் வெளியேயும் வைத்திருக்கின்றன. இதற்காகச் செல்லின் சவ்வில் பம்புகள் ஓயாமல் ஓடுகின்றன. ஓரிடத்தில் செல்களுக்கு வெளியே பொட்டாசியமும், நரம்பு செல்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளும் அளவுக்கு மீறித் தேங்கினால் அக்கம்பக்கச் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துடித்து, பிறகு செயலற்றுப் போகின்றன. அவை கொட்டும் பொட்டாசியம் அடுத்த வரிசையைச் சாய்க்கிறது. துடிக்கும்போது மின்னல், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. அடங்கும்போது இருட்டு, மரத்துப்போதல். பம்புகள் பழைய நிலையை மீட்டதும் எல்லாம் திரும்புகிறது. இந்த முன்னறிகுறிக்குத்தான் ஆரா என்று பெயர்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சிலருக்குக் குறுகுறுப்பு விரல் நுனியில் தொடங்கி, உள்ளங்கை, முழங்கை என்று ஏறும். அப்புறம் தோள், கழுத்து என்று வராமல் சட்டென்று உதட்டுக்கும் நாக்குக்கும் தாவிவிடும். நோயாளி இதைச் சொல்லவே தயங்குவார், யாரும் நம்ப மாட்டார்களே என்று. மூளையில் தொடுவுணர்வுக்கான பட்டையில் கைக்கு உரிய இடத்தை ஒட்டியே முகத்துக்கு உரிய இடம் இருக்கிறது. அலை மூளையில் எங்கும் தாவவில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் போனது.

அலை அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளையும் பாதித்தால் ஒரு கையும் காலும் பலமிழக்கின்றன. இதுதான் ஹெமிப்ளீஜிக் மைக்ரேன். அரிதானது, டென்மார்க்கில் நடந்த கணக்கெடுப்பில் 10,000 பேருக்குச் சுமார் ஒருவர் என்று வந்தது. பார்வை மறைகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது. பார்ப்பவர்களுக்கு அது பக்கவாதமேதான். முதல் முறை வரும்போது அப்படித்தான் நடத்தவும் வேண்டும். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது பொதுவான வரம்பு. அதனால் வீட்டில் உட்கார்ந்து மைக்ரேனா இல்லையா என்று யோசிக்க நேரமே இல்லை. சிடி ஸ்கேன் இரத்தக்கசிவைக் காட்டும். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ புதிய அடைப்பால் சேதமான இடத்தைக் காட்டும்.

சிரமம் அதற்குப் பிறகுதான். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, கை திரும்பிவிட்டது, "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி வருகிறது. இப்படி வருடக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்பருவத்திலோதான் தொடங்குகிறது. "நார்மல்" என்ற அந்தச் சொல் அவர்களை எவ்வளவு நோகடிக்கிறது என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. அலை கடந்துபோன மூளையில் ஸ்கேன் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் நார்மல் ஸ்கேன் இந்த நோய்க்கு முரணே இல்லை.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நேரத்தை வைத்து. இரத்தக்குழாய் அடைத்தால் அது ஊட்டும் பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் அணைகிறது. கையும் முகமும் பேச்சும் சேர்ந்தே போகும். வலிப்பு பரவினால் நொடிக்கணக்கு. மைக்ரேன் அலை 3 மில்லிமீட்டர் வேகத்தில் நடப்பதால் ஓர் அறிகுறி பரவ 5 நிமிடமாவது ஆகும். ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்கும். பார்வை, உணர்வு, பேச்சு அறிகுறிகள் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பலவீனம் மட்டும் 72 மணி நேரம் வரை, சிலருக்கு வாரக்கணக்கிலும் இருக்கலாம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின்படி, முழுமையாகத் திரும்பும் பலவீனமும் இந்த மற்ற அறிகுறிகளில் ஒன்றாவதும் சேர்ந்து இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். வேறு காரணமும் இருக்கக் கூடாது. தலைவலி பின்னால் வரலாம், கூடவே வரலாம்.

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல். "கை வரவில்லை", "கை மரத்துப்போச்சு", "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்று எல்லாவற்றையும் கலந்துதான் சொல்வோம். மருத்துவருக்கு இவை வேறு வேறு. மரத்துப்போன கையால் டம்ளரைத் தூக்க முடியும், அது கையில் இருப்பதுதான் தெரியாது. பலமிழந்த கையால் தூக்கவே முடியாது. முதலாவது மைக்ரேனில் ஓரளவு சாதாரணம். இரண்டாவது இருந்தால்தான் ஹெமிப்ளீஜிக் என்ற பெயர். வலி வந்த பிறகு கை சோர்ந்து கிடப்பதை இதில் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தில் கூட இருப்பவர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்ப்பதும், ஆம்புலன்ஸ் வரும்வரை செல்போனில் படம் எடுப்பதும், நேரத்தைக் குறிப்பதும் பெரிய உதவி. "10.10 வலது பக்கம் மின்னல். 10.25 வலது விரலில் குறுகுறுப்பு. 10.35 உதடு. 10.40 டம்ளர் நழுவியது, வார்த்தை வரவில்லை." லாஷ்லி காகிதத்தில் செய்ததும் இதைத்தான். நரம்பியல் மருத்துவரின் கையில் இந்த நாலு வரி ஒரு கட்டு ரிப்போர்ட்டைவிட அதிகம் பேசும்.

சீட்டில் "காம்ப்ளெக்ஸ் மைக்ரேன்" என்று எழுதியிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். பல நிலைகளைச் சேர்த்துக் கட்டிய பழைய பெயர் அது; இன்றைய வகைப்பாட்டில் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கை விழுந்து திரும்பியதா என்பதையும் விசாரியுங்கள். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தாலே இது குடும்ப வகை. அதில் மூன்று மரபணுக்கள் முக்கியம்: சி.ஏ.சி.என்.ஏ.1.ஏ (1996), ஏ.டி.பி.1.ஏ.2 (2003), எஸ்.சி.என்.1.ஏ (2005). முதலாவது செல் சவ்வில் கால்சியம் புகும் வாயிலுக்கான மரபணு, இரண்டாவது பொட்டாசியத்தை அள்ளும் பம்புக்கானது, மூன்றாவது சோடியம் புகும் வாயிலுக்கானது. மூன்றில் எது பழுதானாலும் அலை எளிதாகக் கிளம்புகிறது. முதல் மரபணுவில் பழுது உள்ள சிலருக்குத் தலையில் லேசாக அடிபட்டாலே போதும். பரிசோதனையில் ஒன்றும் அகப்படாதவர்களும் நிறையப் பேர். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பெயர் தெரிந்தால் மருந்தும் மாறுகிறது. மைக்ரேனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டிரிப்டான், எர்கோட்டமின் மாத்திரைகள் இரத்தக்குழாயைச் சுருக்குபவை என்பதால் இந்த வகைக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. தடுப்புக்கு ஃப்ளூனாரிசின், வெரப்பமில் போன்றவற்றைத் தருகிறார்கள். ஆரா உள்ள எந்த மைக்ரேன் ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதை மகப்பேறு மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கேட்காமல் விட்டுப்போகிறது.

மைக்ரேன் என்று உறுதியான பிறகும் உண்மையான பக்கவாதம் வராது என்று பொருளில்லை. ஆரா உள்ளவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதத்தின் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. உங்களுக்கு வழக்கமாக விரலில் தொடங்கி மெல்ல ஏறுவது ஒரு நாள் ஒரே நொடியில் முழுப் பக்கமும் போனால், அல்லது இதுவரை இல்லாத கழுத்துவலியோடு வந்தால், பழைய சீட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.