காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

"அம்மா, தட்டு எங்கே?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன். "பட்டுப் புடவையா? பீரோவுல இருக்கு. இப்ப எதுக்கு?" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டேன். "என்னத்தைக் கட்டணும்?" மூன்றாவது முறை குரலை உயர்த்தியதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் இப்படிக் கத்துற? நான் என்ன செவிடா?"

எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கிற பல வீடுகளில் இது தினசரி நடப்பு. மெதுவாகச் சொன்னால் கேட்காது, உரக்கச் சொன்னால் கத்துகிறோம். 'தனக்கு வேண்டியது மட்டும் நல்லா கேக்கும்' என்று நாமும் முணுமுணுத்துவிட்டுப் போகிறோம். அந்தக் கோபத்துக்கும் பட்டு, தட்டுக் குழப்பத்துக்கும் காரணம் உள்காதில் இருக்கிறது.

உள்காதில் காக்ளியா என்று ஒரு பகுதி. பட்டாணி அளவுதான், நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும். பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அந்த நீளம் முழுக்க ஆர்மோனியக் கட்டைகள் போல ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. கீச்சென்ற ஒலிகளுக்கு வாசல் பக்கம், கனத்த ஒலிகளுக்கு உள்முனை. ஒலி அலை காக்ளியாவுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக கியார்க் வான் பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அங்கே மயிரிழை போன்ற நுண்முனைகள் கொண்ட செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 3,500 உள்வரிசைச் செல்கள். கேட்டதை மூளைக்கு அனுப்புவது இவைதான். மீதி வெளிவரிசைச் செல்களுக்கு வேறு வேலை. மெல்லிய ஒலி வந்தால் அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்கி, அந்த அதிர்வை ஏற்றிக் கொடுக்கின்றன. காதுக்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் பலமாக இருந்தால் இந்த உதவி தேவைப்படாது, உள்வரிசை நேராகவே அதிர்ந்துவிடும்.

வயதாகும்போது அடிவாங்குவது பெரும்பாலும் வெளிவரிசை, அதிலும் வாசல் பக்கம் இருப்பவை. ஆயுள் முழுக்கக் கேட்ட இரைச்சல், சர்க்கரை நோய், சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து அதை முடுக்கிவிடும். போன செல் போனதுதான், மனிதக் காதில் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், 1980-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். எல்லா ஆராய்ச்சியையும் தாண்டி, அந்த விஷயத்தில் கோழி இன்னும் நம்மைவிட மேல்.

இப்போது அம்மாவின் கோபத்துக்கு வருவோம். ரோடு போடப் போட உயர்கிறது என்று வீட்டுத் தரையை மேடாக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தரை ஏறும், கூரை அங்கேயேதான் இருக்கும். கடைசியில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். முதுமைக் காதும் அப்படித்தான். மெல்லிய ஒலியை ஏற்றிவிட ஆள் இல்லாததால், கேட்கத் தொடங்கும் அளவு உயர்ந்துவிடுகிறது. உரத்த ஒலி உறுத்தத் தொடங்கும் அளவோ பழையபடியே இருக்கிறது. 'கேட்கவில்லை'க்கும் 'கத்தாதே'க்கும் நடுவே இடமே இல்லை.

அப்புறம் தட்டு. அ, ஆ போன்ற உயிரொலிகள் வலுவானவை, அவற்றின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற வல்லினங்களின் அடையாளமோ கண நேரம் வந்து மறையும் ஒரு மெல்லிய, உயர்சுருதி வெடிப்பு. கட்டு, தட்டு, பட்டு மூன்றிலும் பின்பாதி ஒன்றேதான். அம்மாவின் காதில் "-அட்டு" தெளிவாக விழுகிறது. முன்னால் இருப்பதை மூளை ஊகித்து நிரப்புகிறது. நாம் கத்தும்போது பெரும்பாலும் உயிரொலிதான் பெருக்கிறது, மெய்யொலி அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. ஆக, கத்திக் கத்தி நான் அனுப்பியது இன்னும் பெரிய "அட்டு".

பக்கத்தில் போய், முகம் தெரிய நின்று சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். 'ப' சொல்ல உதடு மூட வேண்டும், 'த'வுக்கும் 'க'வுக்கும் வேண்டாம். அதைக் கண் பார்த்துக்கொள்ளும். மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அதே சொல்லையே திரும்பச் சொல்வதைவிட "சாப்பிடற தட்டு" என்று கூடுதலாக ஒரு சொல் சேர்த்தால் மூளைக்கு ஊகிக்கப் பிடி கிடைக்கும்.

அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு ஆடியோகிராம் எடுத்தார்கள். எந்தச் சுருதி கேட்க எவ்வளவு சத்தம் வேண்டும் என்று காட்டும் வரைபடம் அது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல் சத்தமே போதும், கிட்டத்தட்ட சாதாரணம். 2,000-ஐத் தாண்டியதும் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கி, 4,000-இல் 60-க்குப் போய்விட்டது. அந்த உயர்சுருதி கேட்க 60 டெசிபல் சத்தம் வேண்டும். கொஞ்ச நாளாகத் தாளிப்பு கருகிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. கடுகு பொரிகிற சத்தத்தைக் கேட்டே அடுப்பை அணைக்கிறவர் அம்மா.

காது மெஷின் எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டக் கூடாது. எந்தச் சுருதி குறைகிறதோ அதை மட்டும், அதுவும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் கொஞ்சமாகவும் ஏற்ற வேண்டும். ஆடியோகிராமை வைத்து ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறன் நிபுணர், அமைத்துத் தருவது அதைத்தான். சோதனையே இல்லாமல் வாங்கிய மலிவான பெருக்கி டிராயரில் தூங்குவதில் ஆச்சரியமில்லை.

மறதிநோயையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். தடுக்க வாய்ப்புள்ள காரணங்களில் ஒன்றாகக் கேட்புக் குறைவை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் வைத்திருக்கிறது. ஆனால் 2023-இல் அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்த அச்சீவ் ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றாண்டில் காது மெஷினால் பலன் தெரியவில்லை. மறதிக்கான அபாயம் கூடுதலாக இருந்த குழுவில் மட்டும், காது மெஷின் போட்டவர்களின் சிந்தனைத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது. மறதியைத் தடுக்கும் என்று சொல்லி விற்பவர்களிடம் இந்த இரண்டாவது வரியை மட்டும்தான் கேட்க முடியும்.

முதல் வாரம் அம்மா மெஷினைக் கழற்றிக் கழற்றி வைத்தார். செய்தித்தாள் புரட்டுவது பட்டாசு போல இருக்கிறதாம், பாத்திரம் கழுவுகிற சத்தம் தாங்கவில்லையாம். பல வருடம் வராத ஒலிகள் மூளைக்குப் புதிது, பழகச் சில வாரங்கள் ஆகும். தினம் ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனோம். ராத்திரி கழற்றியதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம். சென்னை வியர்வையும் ஈரமும் மெஷினுக்கு ஆகாது.